ஃபிளாஷுக்கு எந்த டிஃபியூஸர்? மூடியா, டப்பாவா, சாஃப்ட்பாக்ஸா?

8 அக்டோபர் 2023, கேள்வி

அண்ணே, என்னிடம் நிக்கான் டி5600 இருக்கிறது. போன மாதம் கோடாக்ஸ் டிடி685 ஃபிளாஷ் வாங்கினேன். நேராக அடித்தால் முகம் சுண்ணாம்பு அடித்த மாதிரி வெளுக்கிறது. பின்சுவரில் தலைக்குப் பக்கத்தில் இன்னொரு கறுப்புத் தலை தெரிகிறது. அக்காவுக்கு அடுத்த மாதம் வளைகாப்பு, தண்டையார்பேட்டையில் எங்கள் வீட்டிலேயே. வெளியாள் வேண்டாம், நானே எடுக்கிறேன் என்று வாயை விட்டுவிட்டேன். வெளிச்சத்தைப் பரப்ப டிஃபியூஸர் போடு என்று கடையில் மூன்று காட்டினார்கள். ஃபிளாஷ் தலையில் மாட்டும் வெள்ளை பிளாஸ்டிக் மூடி, ரப்பர் டப்பா மாதிரி ஒன்று, மடக்கி வைக்கிற குட்டி சாஃப்ட்பாக்ஸ். எதை வாங்கினால் முகம் சாஃப்டாக வரும்?

9 அக்டோபர் 2023

மூன்றும் வேண்டாம் தம்பி. அந்தக் காசுக்கு நல்ல ரீசார்ஜ் பேட்டரி இரண்டு செட் வாங்கி வை.

வெளிச்சம் எந்த பிளாஸ்டிக் வழியாக வந்தது என்பது பெரிய விஷயமே இல்லை. உட்கார்ந்திருக்கிற ஆளின் இடத்திலிருந்து பார்த்தால் விளக்கு எவ்வளவு பெரிதாகத் தெரிகிறது, அதுதான் கணக்கு. காசிமேட்டில் மதியம் ஒரு மணிக்கு மீன்கூடையோடு நிற்கிற ஆயாவைப் படமெடுத்துப் பார். கண்குழியில் மை கொட்டிய மாதிரி நிழல். சூரியன் எவ்வளவு பெரிதாக இருந்தால் என்ன, நம் இடத்திலிருந்து அது ஒரு பொட்டு. மேகம் மூடட்டும், வானம் முழுக்க விளக்காகிவிடும், ஆயா முகத்தில் நிழல் இருந்த இடம் தெரியாது. உன் ஃபிளாஷின் முன்கண்ணாடி தீப்பெட்டியை விடக் கொஞ்சம் பெரியது. மூடி மாட்டினால் இரண்டு தீப்பெட்டி. இரண்டடி தள்ளி நின்றால் அந்த வித்தியாசமும் தெரியாது.

தலையை மேலே திருப்பிக் கூரையில் அடி. கூரையே விளக்காகும். செலவு இல்லை.

9 அக்டோபர் 2023, இரவு

சாப்பிடும்போதுதான் உறைத்தது. கூரை எப்படி என்று கேட்கவே இல்லையே. கான்கிரீட்டா, ஆஸ்பெஸ்டாஸ் சீட்டா? எவ்வளவு உயரம்? சுவர் என்ன நிறம்? இது தெரியாமல் டிஃபியூஸர் சொல்வது, பெண் வீட்டார் யாரென்று தெரியாமல் மண்டபத்துக்கு அட்வான்ஸ் கொடுப்பது மாதிரி.

12 அக்டோபர் 2023

பதில் பார்த்தேன். ஹவுசிங் போர்டு வீடு, ஹால் 10-க்கு 12 அடி, கூரை 9 அடி உயரத்தில் வெள்ளை. சுவர் கிளிப்பச்சை.

கிளிப்பச்சையா! போச்சு. அந்த நிறத்தோடு எனக்குப் பழைய பகை உண்டு. நான் தனியாகத் தொழில் ஆரம்பித்த புதிதில், வியாசர்பாடியில் இதே மாதிரி ஒரு வளைகாப்பு. அப்போதுதான் பவுன்ஸ், அதாவது சுவரிலோ கூரையிலோ பட்டுத் திரும்புகிற மாதிரி ஃபிளாஷ் அடிக்கக் கற்றுக்கொண்டிருந்தேன். கற்றுக்கொண்டதைக் காட்ட வேண்டும் இல்லையா, பக்கச் சுவரில் அடித்துத் தள்ளினேன். நிழல் அழகாகத்தான் விழுந்தது. ஆல்பம் கொடுக்கப் போனபோது பெண்ணின் அம்மா முதல் பக்கத்தைப் பார்த்துவிட்டு, "என்னப்பா, எம் பொண்ணுக்கு காமாலை கண்ட மாதிரி இருக்கு?" என்றார். எனக்குக் காது வரைக்கும் சூடேறிவிட்டது.

படத்தின் நிறத்தைச் சமன் செய்கிற ஒயிட் பேலன்ஸில் சரி செய்யலாமே என்பாய். செய்து பார்த்தேன். முகத்தின் ஒரு பக்கம் பச்சைச் சுவர் வெளிச்சம், மறுபக்கம் ஜன்னல் வெளிச்சம். பச்சையைக் குறைக்க மெஜந்தாவை ஏற்றினால் ஜன்னல் பக்கக் கன்னம் ரோஸ் பவுடர் பூசிக்கொண்டது. வெள்ளை ஜாக்கெட் பீட்ரூட் ஆனது. ஒரே படத்தில் இரண்டு நிறம் கலந்துவிட்டால் ஒரு ஸ்லைடர் இரண்டையும் திருத்தாது. கடைசியில் பாதியைக் கறுப்பு வெள்ளையாக்கி, அதுதான் இப்போது ஃபேஷன் என்று சொல்லிக் கொடுத்தேன். நம்பினார்களா தெரியாது, பாக்கி வந்துவிட்டது.

அதனால் உனக்குக் கூரை மட்டும்தான். வெளிச்சம் பக்கவாட்டில் கசியக் கூடாது. பாரிமுனை போனால் ஸ்டேஷனரி கடையில் கறுப்பு ஃபோம் சீட் கேள், பிள்ளைகள் கைவேலைக்கு வாங்குவார்களே, அதுதான். உள்ளங்கை அளவுக்கு வெட்டி ஃபிளாஷ் தலையின் இரு பக்கமும் காது மாதிரி நிற்க வை, ரப்பர் பேண்ட் போடு. கண்ணாடியை மூடாமல் பார்த்துக்கொள். முழுப் பவரில் தலை கொதிக்கும், ஒட்டிக்கொண்டிருப்பது எதுவானாலும் இளகும். என்னிடம் ஒரு ஃபிளாஷ் கண்ணாடியில் இன்னும் கறுப்புத் தழும்பு இருக்கிறது.

13 அக்டோபர் 2023

இன்னொன்று. கூரையில் மட்டும் அடித்தால் வெளிச்சம் மொத்தமும் தலைக்கு மேலிருந்து இறங்கும். கண்ணுக்குக் கீழே நிழல் கட்டும், நெற்றிச்சுட்டியின் நிழல் புருவத்தில் விழும், கண்ணில் உயிர் இருக்காது. கொஞ்சம் வெளிச்சம் முன்பக்கமாகவும் போக வேண்டும். உன் ஃபிளாஷ் தலைக்குள்ளேயே ஒரு வெள்ளைத் தகடு இருக்கும், இழுத்தால் வரும். அது சின்னது. நான் செய்வது: பழைய கல்யாணப் பத்திரிகை ஒன்று, உள்பக்கம் வெள்ளையாக இருப்பது, ஃபிளாஷ் தலைக்குப் பின்னால் ரப்பர் பேண்ட் போட்டு நிறுத்துவது, வெள்ளைப் பக்கம் ஆளைப் பார்த்து. வளைந்துகொள்ளாத தடித்த அட்டை வேண்டும். ஆண்டர்சன் தெருவில் பத்திரிகைக் கடைகளில் சாம்பிள் அட்டை கேட்டால் கொடுப்பார்கள். தங்க எழுத்து வேண்டாம். நாலு மூலையிலும் மஞ்சள் தடவியதும் வேண்டாம், அந்த மஞ்சள் அப்புறம் லென்ஸுக்கு வரும்.

என் பையில் இப்போது இருப்பது யாருடைய பத்திரிகை என்று பார்த்தேன். அவர்களுக்கு இரண்டு பிள்ளைகள் ஆகிவிட்டது.

21 அக்டோபர் 2023

மூடியைப் பற்றி 9-ஆம் தேதி எழுதியதில் பாதி தப்பு. பெரம்பூரில் இருக்கும் நண்பர் படித்துவிட்டுப் போனில் திட்டினார். அவர் அந்த வெள்ளை மூடியை மட்டும் வைத்துக்கொண்டு ஆயிரம் விசேஷம் பார்த்தவர். "நீ ஒரு தடவையாவது ஒழுங்கா டெஸ்ட் பண்ணியிருக்கியா?" என்றார். பண்ணியதில்லை.

இன்று பண்ணினேன். எங்கள் வீட்டுப் பின்னறை, நாலு சுவரும் வெள்ளை. மாமனார் நாற்காலியில் பேப்பர் படித்துக்கொண்டு. 2 மீட்டர் தூரம், ஐஎஸ்ஓ (கேமராவின் வெளிச்ச உணர்வு) 400, ஃபிளாஷ் மேனுவலில் கால் பவர், தலை 35 மில்லிமீட்டர் ஜூமில். எஃப் எண் சின்னதாக ஆக லென்ஸ் துளையைப் பெரிதாகத் திறக்கிறோம், அதாவது வந்த வெளிச்சம் குறைவு. நேராக அடித்தபோது எஃப்/16-ல் வெளிச்சம் சரியாக இருந்தது. மூடி மாட்டித் தலையை 45 டிகிரி சாய்த்தபோது எஃப்/8. மூடி இல்லாமல் கூரையில் அடித்தபோது எஃப்/5.6-க்குக் கொஞ்சம் மேலே. நண்பரிடம் மூடி ஒரு ஸ்டாப், அதாவது பாதி வெளிச்சம், தின்னும் என்றுதான் எப்போதும் சொல்லி வந்தேன். என் அறையில் இரண்டு தின்றது. அதாவது வெளிச்சத்தில் காலே அரைக்கால்... இல்லை, கால் பங்குதான் மிஞ்சியது. மாமனார் இடையில் கணக்குக் கேட்டதால் குழம்பிவிட்டேன்.

ஆனால் படம்? மூடி போட்டதுதான் நன்றாக இருந்தது, ஒப்புக்கொள்கிறேன். மூடி வெளிச்சத்தை எட்டுத் திசைக்கும் தெளிக்கிறது. சுவர், கூரை, பீரோ, எல்லாம் திருப்பிக் கொடுக்கின்றன. கொஞ்சம் நேராகவும் போகிறது, அதனால் கண்ணில் வெளிச்சப் புள்ளி தானாக வருகிறது. கேமராவைச் செங்குத்தாகப் பிடிக்கும்போது ஃபிளாஷ் தலையைத் திருகிக்கொண்டிருக்க வேண்டாம். கூட்டத்தில் அது பெரிய வசதி. சாஃப்டாக்கியது மூடி இல்லை, அறை. மூடி அறைக்கு வெளிச்சத்தைப் பங்கு போட்டுக் கொடுத்தது.

தம்பி, உனக்கு இது பொருந்தாது. எட்டுத் திசையிலும் கிளிப்பச்சை.

22 அக்டோபர் 2023

டப்பா பற்றிக் கேட்டிருக்கிறாய். கேரி ஃபாங் லைட்ஸ்பியர் என்று ஒன்று வந்தது, இட்லி மாவு ஊற்றி வைக்கும் பாத்திரம் மாதிரி இருக்கும். கடையில் காட்டியது அதன் நகல்களில் ஒன்றாக இருக்கும். மூடி செய்கிற வேலைதான், கொஞ்சம் பெரிய உடம்பு. அதைக் கேமரா மேல் வைத்துக்கொண்டு பந்தியில் நடந்தால் ஜூஸ் கொண்டுவந்திருக்கிறாயா என்று கேட்பார்கள்.

குட்டி சாஃப்ட்பாக்ஸ் நேராக அடிக்கும் வகை. ஆளுக்கு இரண்டடி, மூன்றடிக்குள் வைத்தால் உதவும். பூ, நகை, சாப்பாட்டுத் தட்டு எடுக்கலாம். ஹாலின் அந்தக் கோடியிலிருந்து பத்துப் பேரை எடுத்தால் அதுவும் தீப்பெட்டிதான்.

5 நவம்பர் 2023

வீட்டை விட்டு வெளியே வந்தால் என்ன ஆகும் என்று ஒருவர் கேட்கிறார். என் அவமானத்தைச் சொல்கிறேன். ராயபுரம் ஸ்டேஷன் கட்டடம் 1856-ல் திறந்தது, தென்னிந்தியாவின் முதல் ஸ்டேஷன். அந்தத் தூண்கள் தெரிகிற மாதிரி சாலைப் பக்கம் நின்று நிச்சயதார்த்த ஜோடி ஒன்றைச் சாயங்காலம் எடுத்தேன். மூடி அன்று தலையிலேயே இருந்தது, கழற்ற மறந்துவிட்டேன். திருப்பிக் கொடுக்கச் சுவரும் இல்லை, கூரையும் இல்லை. தெளித்த வெளிச்சம் ராயபுரம் வானத்துக்குப் போய்ச் சேர்ந்தது. முகத்தில் விழுந்தது அதே கடினமான சின்ன வெளிச்சம், அதுவும் குறைவாக. நாற்பது படத்தில் பேட்டரி செத்தது. மாப்பிள்ளை கையிலிருந்த போனில் எடுத்த படம்தான் அவர்கள் ஸ்டேட்டஸில் வந்தது.

வெளியில் மூடி போட்டுக்கொண்டு அலைகிறவர்களைப் பார்த்தால் இப்போது எனக்குச் சிரிப்பு வரும். வரக் கூடாதுதான்.

10 நவம்பர் 2023

மண்டபம். கூரையில் அடித்தால் போதும் என்று நான் எழுதியதை நம்பி ஒருவர் மண்டபத்தில் அடித்திருக்கிறார் போல. கணக்குப் பார்ப்போம். கைடு நம்பர் என்பது ஃபிளாஷின் வலு, அதை மீட்டர் தூரத்தால் வகுத்தால் எஃப் எண் வரும். டிடி685-க்கு ஐஎஸ்ஓ 100-ல் 60 என்று போட்டிருப்பது தலையை 200 மில்லிமீட்டர் வரை ஜூம் செய்தால். 35-ல் ஏறக்குறைய 36 என்று வைத்துக்கொள். மேலே 6 மீட்டர், கீழே 6 மீட்டர், மொத்தம் 12. ஐஎஸ்ஓ 1600-க்கு கைடு நம்பர் நாலு மடங்கு, 144. அதைப் பன்னிரண்டால் வகுத்தால் எஃப்/12. கூரை சிதறடித்து, உறிஞ்சி இரண்டு ஸ்டாப் போனால் எஃப்/6. அதுவும் ஒவ்வொரு கிளிக்கும் முழுப் பவரில். மாப்பிள்ளை மேடை ஏறும் முன் ஃபிளாஷ் சூடாகி, கொஞ்சம் ஓய்வு கொடு என்று நின்றுவிடும். தலையை 105-க்கு ஜூம் செய்து அடித்தால் வெளிச்சம் சிதறாமல் மேலே போகும், கொஞ்சம் தேறும்.

கூரை வெள்ளையாக இருந்தால்தான் இந்தக் கணக்கும். இப்போது டெக்கரேஷன்காரர்கள் மேலே சிவப்பும் மஞ்சளுமாகத் துணி கட்டிவிடுகிறார்கள். அதில் அடித்தால் மொத்தக் குடும்பமும் கேசரி நிறம்.

மண்டபத்துக்கு என்னுடைய ஏற்பாடு வேறு. இரண்டாவது ஃபிளாஷ் ஒன்று ஸ்டாண்டில், 43 அங்குல வெள்ளைக் குடை வழியாக, கேமராவில் அதைத் தூரத்திலிருந்தே அடிக்க வைக்கும் டிரிக்கர். குடை மணமக்களுக்கு ஆறேழு அடிக்குள் இருந்தால் வெண்ணெய் மாதிரி வெளிச்சம். வீடியோக்காரர் தள்ளச் சொல்லி இருபதடிக்குப் போனால் அந்தக் குடையும் சின்ன விளக்குதான். பையன் குடையைத் தூக்கிக்கொண்டு மேடைக்குப் போனபோது கொருக்குப்பேட்டையில் ஒரு பெரியவர், "உள்ளயே ஒழுவுதா?" என்று கேட்டார்.

மண்டபத்து மஞ்சள் பல்புகளுக்கு நடுவே அடிக்கும்போது ஃபிளாஷில் ஆரஞ்சு ஜெல் (வெளிச்சம் ஊடுருவும் நிறத் தாள்) ஒன்று போடு. பல்பு 3200 கெல்வின் பக்கம், ஃபிளாஷ் 5500 பக்கம். ஜெல் இல்லாவிட்டால் மணமக்கள் வெள்ளை, பின்னால் உறவுக்கூட்டம் மஞ்சள். சில மாமாக்களுக்கு அதுவே பொருத்தம்.

20 நவம்பர் 2023

வளைகாப்புப் படங்கள் வந்தன. கறுப்பு ஃபோம், பத்திரிகை அட்டை, கூரை. முகத்தில் பச்சை இல்லை. அக்காவைச் சுவரிலிருந்து நாலடி முன்னால் உட்கார வைத்தது நல்ல யோசனை, பின்னாலிருந்த கறுப்புத் தலை ஒழிந்தது. நான் சொல்ல மறந்ததை நீயே செய்துவிட்டாய்.

இரண்டு குறை. நலங்கு வைக்கும் படங்கள் எல்லாம் அரை இருட்டு. ஃபிளாஷ் பவரைக் கேமராவே முடிவு செய்யும் டிடிஎல்லில் விட்டிருப்பாய். பட்டுச்சேலை ஜரிகையும் கண்ணாடி வளையலும் பளிச்சென்று திருப்பி அடித்ததும் கேமரா போதும் என்று பவரைக் குறைத்துவிடும். அந்த முடிவைக் கூட்டிக் குறைக்கும் ஃபிளாஷ் காம்பன்சேஷனை 0.7 ஸ்டாப் ஏற்றி வை. ரொம்ப ஜரிகை என்றால் ஒன்று.

மற்றது உன் தாத்தாவின் வழுக்கை. டிஃபியூஸர் போட்டால் பளபளப்பு போகுமா என்று கேட்கிறாய். வேர்வை கண்ணாடி மாதிரி. விளக்கு பெரிதானால் அதில் தெரியும் பளபளப்பு பரந்து மங்கும், மறையாது. டிஷ்யூ பேப்பர் கொண்டு போ. தாத்தாவிடம் யார் நீட்டுவது என்பது உங்கள் குடும்ப விஷயம்.

14 டிசம்பர் 2023

இங்கே மூன்று வாரமாக எழுதவில்லை. மிக்ஜாம் புயல் மழையில் எங்கள் தெருவில் முழங்காலுக்கு மேல் தண்ணீர், கரண்ட் இல்லை. கேமரா பையைப் பரண்மேல் ஏற்றிவிட்டேன். கீழ்ப்பெட்டியில் இருந்த சில்லறை சாமான்கள் போயின. நான் இத்தனை திட்டிய வெள்ளை மூடி மிதந்துபோய், மூன்று நாள் கழித்து எதிர்வீட்டு வாசற்படியில் கிடைத்தது. எண்ணூர்ப் பக்கத்தில் வெள்ளத்தோடு எண்ணெயும் சேர்ந்து வந்து படகெல்லாம் கறுத்துக் கிடக்கிறது. அதற்கு முன்னால் என் மூடியெல்லாம் ஒரு பேச்சா.

யாருக்காவது ஃபிளாஷ் நனைந்திருந்தால் பேட்டரியை உடனே எடுத்துவிட்டுக் காய விடுங்கள். ஆன் செய்து பார்க்க வேண்டாம். நீங்களே ஸ்குரூ கழற்றவும் வேண்டாம், உள்ளே இருக்கும் கெப்பாசிட்டரில் 300 வோல்ட் வரை நிற்கும், பேட்டரி எடுத்த பிறகும் அடிக்கும். நனையாவிட்டாலும் இந்த ஊர் உப்புக்காற்றில் ஃபிளாஷைக் கேமராவில் மாட்டும் ஹாட்ஷூ முனைகள் பச்சை பூத்துவிடும். துணியால் துடைத்து வையுங்கள்.

31 ஜனவரி 2024

தை பிறந்து முகூர்த்தம் தொடங்கிவிட்டது, மூச்சு விட நேரமில்லை. ஒரு வாக்குமூலம் மட்டும். டப்பா வாங்கிவிட்டேன். ஜூஸ் பாத்திரம் என்று நான் சொன்ன அதேதான்.

தொழிலை விட்ட ஒருவர் தன் சாமான்களைக் கொடுத்தபோது இதுவும் வந்தது. போன வாரம் திருவொற்றியூரில் ஒரு வீட்டில் மாட்டிப் பார்த்தேன். புதிதாக வெள்ளையடித்த தாழ்ந்த கூரை, கூட்டம் நெரிசல், தலையைத் திருப்பி யோசிக்க ஒரு நொடி கிடையாது. வேலை செய்தது. மூடியை விடக் கூடக் கொஞ்சம் நன்றாகவே. ஜூஸ் ஜோக்கும் நடந்தது, ஒரு சின்னப் பையன் உள்ளே என்ன இருக்கிறது என்று எட்டிப் பார்த்தான்.

அப்படியானால் 22 அக்டோபரில் எழுதியதை மாற்றிக்கொள்கிறேனா? வீடு வெள்ளையாக இருந்தால் மாற்றிக்கொள்கிறேன். ஆனாலும் புதிதாகக் காசு கொடுத்து வாங்கியிருக்க மாட்டேன்.

18 பிப்ரவரி 2024

அக்காவுக்குப் பெண் குழந்தை என்று தம்பி எழுதியிருக்கிறார். சந்தோஷம். உடனே அடுத்த கேள்வி: பத்து நாள் குழந்தைக்கு எந்த டிஃபியூஸர்?

ஃபிளாஷே வேண்டாம். எனக்கு மனசு வராது, குழந்தை துள்ளி முகத்தைச் சுருக்கும், அப்புறம் அரைமணி நேரம் அழுகை. காலையில் ஜன்னலோரம் பாயைப் போடு. வெயில் நேராக விழுந்தால் ஜன்னலில் ஒரு வெள்ளை வேட்டியை இரண்டு கிளிப் போட்டுக் கட்டு. நாலடி அகலத்துக்கு விளக்கு, குழந்தைக்கு மூன்றடி தூரத்தில். கடையில் அந்த அளவு சாஃப்ட்பாக்ஸ் கேட்டால் விலை சொல்லும்போது உட்கார்ந்துவிடுவாய். சுவர்ப் பக்கம் இருக்கும் கன்னத்துக்கு இன்னொரு வெள்ளைத் துணியை யாராவது பிடித்துக்கொள்ளட்டும், கிளிப்பச்சை எட்டிப் பார்க்காமல்.

19 பிப்ரவரி 2024

தாத்தா வேட்டி எடுத்தேன், பரவாயில்லையா என்று கேட்கிறாய். கரை வேட்டி என்றால் வேண்டாம். எந்தக் கட்சியாக இருந்தாலும் கரையை மடித்து உள்ளே விடு, குழந்தை மேல் அந்த நிறம் விழ வேண்டாம்.